ஆடிப் பதினெட்டுக்குக் காத்திருந்த மிஷின்

காலையில் எழுந்ததும் மந்திரமூர்த்தி பாயைச் சுருட்டிச் சுவர் மூலையில் நிறுத்துவான். கிணற்றில் ஒரு குடம் தண்ணீர் இறைப்பான். குளிப்பான். முந்தின நாள் துவைத்த சட்டை கொடியில் காய்ந்திருந்தால் அதைப் போடுவான். சாரல் காலத்தில் காயாது, ஈரத்தோடே போடுவான். கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சைக்கிளை எடுப்பான். குத்துக்கல்வலசையிலிருந்து தென்காசிக்குள் வந்து மாமனார் வீட்டு வாசலில் இறங்குவான். இலை போட்டிருக்கும். உட்காருவான். சாப்பிடுவான். கைகழுவிவிட்டுக் கூட்டுறவுப் பண்டகசாலைக்குப் போய் மேசைக்கு முன்னால் உட்காருவான். காலையில் என்ன பலகாரம் என்று அங்கே யாராவது கேட்டால் யோசித்துத்தான் சொல்லவேண்டும். யாரும் கேட்பதில்லை.

பி.காம். படித்தவன். முப்பது வயது ஆகவில்லை. மனைவி குழல்வாய்மொழி போன வருஷம் ஆனி மாதம் மஞ்சள்காமாலையில் போய்விட்டாள். பாளையங்கோட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பத்தியம் வைத்துப் பார்த்தார்கள். பிழைக்கவில்லை.

மாமனார் வேல்சாமி குற்றாலத்தில் மர டிப்போவில் வேலை பார்த்தபோது பிறந்தவள் அவள். அந்த ஊர் அம்மன் பெயரை வைத்தார். தென்காசிக்கு வந்து அறுவை மில்லில் சேர்ந்தபிறகு இளையவள் பிறந்தாள். இந்த ஊர் அம்மன் பெயர், உலகம்மாள். “மூணாவது பொறந்திருந்தா எந்த ஊருக்குச் சட்டிபானையத் தூக்கியிருப்பமோ” என்பாள் மாமியார் முப்பிடாதியம்மாள். அறுவை மில் வேல்சாமிக்குச் சம்பளம் கொடுத்தது, காதை எடுத்துக்கொண்டது. அவரிடம் ஒரு வார்த்தை சொல்வதென்றால் தெருவுக்கே சொல்லவேண்டும். அதனால் வீட்டில் அவரோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள். அவரும் எல்லோர் வாயையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு இருந்துவிடுவார்.

தலைத்திவசம் முடிந்த மறுநாள் காலையில் முப்பிடாதியம்மாள் இலையில் இன்னொரு இட்லியை வைத்துவிட்டுப் பேச்சை எடுத்தாள்.

“மாப்ள, வருசம் கழிஞ்சிட்டு. இனி ஆடி. ஆடியில ஒண்ணும் செய்யக் கூடாது. ஆவணி பொறந்ததும் ஒரு முகூர்த்தம் பாத்து உலகுக்கும் ஒங்களுக்கும் முடிச்சிரலாம்னு இருக்கேன்.”

மந்திரமூர்த்தி இட்லியைப் பிட்டான்.

“நானாவா சொல்லுதேன்? கொழலு கடைசியா எங் கையப் பிடிச்சுச் சொன்னாள்லா. ‘யம்மா, தங்கச்சிய அவுகளுக்குக் கட்டி வச்சிரு, அவுகளுக்குக் கஞ்சி காய்ச்சக்கூடத் தெரியாது’ன்னா. அதுதான் அவ கடைசிப் பேச்சு. பொறவு வாயத் தொறக்கலய.”

ஆஸ்பத்திரியில் அந்த நேரத்தில் கட்டிலருகே இருந்தவன் மந்திரமூர்த்தி. முப்பிடாதியம்மாள் கீழே குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்தபிறகுதான் மேலே வந்தாள். இது அவனுக்குத் தெரியும். துஷ்டி வீட்டில் கூடியிருந்த பெண்களிடம் அவள் இதை முதன்முதலில் சொன்னபோது மகள் கையைப் பிடித்தது மட்டும்தான் இருந்தது. பதினாறாம் நாள் விசேஷத்தில் தங்கச்சி வந்தாள். பொங்கலுக்குள் கஞ்சியும் வந்து சேர்ந்துவிட்டது. மகளைப் பறிகொடுத்தவளிடம் போய், நீ அங்கே இல்லையே என்று எவன் சொல்வான்? அவன் சொல்லவில்லை. அவன் சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். படித்த மாப்பிள்ளை, அதிகம் பேசமாட்டார்.

கைகழுவிவிட்டு வந்தபோது உலகம்மாள் சைக்கிளருகே நின்றாள். இருபத்திரண்டு வயது. அக்காவைப்போல வாய்.

“அத்தான், ஒங்க வாய்க்கு யாரும் பூட்டுப் போட்டிருக்காவளா?”

“இல்ல.”

“ஒங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது. அக்கா சேலைய உடுத்துதேன். அக்கா தட்டுல திங்கேன். அதுக்காவ அக்கா புருசனையும் கட்டணும்னா என்ன ஞாயம்?”

“சரிதான்.”

“என்ன சரிதான்?”

“கட்டவேண்டாம்.”

“அத எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? உள்ள போயி அம்மைட்டச் சொல்லுங்க.”

மந்திரமூர்த்தி சைக்கிள் செயினைப் பார்த்தான். செயின் நன்றாகத்தான் இருந்தது.

“சொல்ல மாட்டிய. தெரியும். நானே ஒரு வழி பண்ணிட்டேன். டைப் மிஷின் வாங்கப் போறேன்.”

அவள் தமிழ் டைப்பிங் ஹையர் பாஸ் செய்தவள், இங்கிலீஷ் லோயர். படித்த இன்ஸ்டிடியூட்டிலேயே சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். தாலுகா ஆபீசுக்கு எதிரில் முத்திரைத்தாள் விற்பவர் தன் கடையில் ஒரு மூலை தருவதாகச் சொல்லியிருந்தார். அங்கே மிஷினைப் போட்டு உட்கார்ந்தால் மனுவும் பத்திர நகலும் அடித்துக்கொடுத்து அவளே சம்பாதிக்கலாம். “எங்களுக்குப் பொறவு ஒனக்கு யாரு சோறு போடுவா” என்பதுதான் அம்மாவின் பெரிய அஸ்திரம். அதைத் தட்டிவிட்டால் மிச்சத்தைச் சமாளித்துவிடலாம்.

அம்மாவிடம் பந்தயமும் கட்டியிருந்தாள். ஆவணி பிறக்கும் முன்னால் மிஷின் ஓடி, நாலு பேர் வந்து அடித்துக்கொண்டு போனால் கல்யாணப் பேச்சு கிடையாது. ஓடவில்லை என்றால் அவள் வாயைப் பொத்திக்கொண்டு மணையில் உட்காரவேண்டும். முப்பிடாதியம்மாள் கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டுச் சம்மதித்தாள். ஒரு மிஷினைப் பார்த்து முடிவுசெய்யவே இவர்களுக்கு ஆவணி கழிந்துவிடும் என்பது அவள் கணக்கு. பட்டுச்சேலை எடுக்கப் போய் மூன்று கடை ஏறி இறங்கி வெறுங்கையோடு வந்தவள்தானே உலகம்மாள்.

மிஷின் பார்க்க எல்லோரும் போனார்கள். அந்த வீட்டில் ஒரு கரண்டி வாங்குவதென்றாலும் எல்லோரும்தான் போவார்கள்.

இன்ஸ்டிடியூட் மாடியில் இருந்தது. சன்னல் வழியே மொட்டையாய் நிற்கும் கோபுரம் தெரியும். சங்கரநாராயணன் சார் நாலு நாற்காலியை இழுத்துப் போட்டார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

“மிஷின் வாங்குததுங்கது பொண்ணு பாக்க மாதிரி ஆச்சி. நாலு கேள்வி கேக்கணும். என்ன அடிக்கப் போறோம்? எங்கன வச்சு அடிக்கப் போறோம்? எந்த பாசை? மக்கர் பண்ணுனா யாரு வந்து பாப்பா?”

“பொண்ணு பாக்கதுக்குக்கூட இத்தனை கேள்வி கேக்கலய” என்றாள் முப்பிடாதியம்மாள். “ இந்தா இருக்காவள்லா மாப்ள, வந்தாவ, கேசரி தின்னாவ, சரின்னாவ.”

உலகம்மாள் பதில் சொன்னாள். மனுதான் சார். ஒரே இடத்துலதான் சார். தமிழு வேணும், இங்கிலீசும் இருந்தா நல்லது சார். எந்தப் பதிலைச் சொன்னாலும் சார் தலையாட்டிக்கொண்டே அதை அறையின் வடக்கு மூலைக்கு ஓட்டிக்கொண்டுபோனார். அங்கே துணி மூடி ஒரு மிஷின் கிடந்தது. அவர் விற்க நினைத்திருந்தது அது ஒன்றுதான்.

துணியை எடுத்தார். “தமிழு. ஸ்டாண்டர்ட் மிஷின். ஆனை மாதிரி.”

“ஆனைக்குத் தீனி போட்டு முடியுமா?” என்றாள் முப்பிடாதியம்மாள்.

“ரிப்பன் மட்டும்தான் தீனி.”

அவள் எழுந்துபோய் விரல் முட்டியால் அதன் விலாவில் தட்டிப் பார்த்தாள். பிறகு தூக்கிப் பார்த்தாள். அசையவில்லை. அவள் முகத்தில் ஒரு மரியாதை வந்தது. உலகம்மாள் தாளைச் சொருகி ஒரு வரி அடித்தாள். வேல்சாமி சத்தம் கேட்காமல் விரல்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர், மெதுவாக வந்து மேசைமேல் உள்ளங்கையை வைத்தார். கையை எடுக்கவே இல்லை.

“இது எனக்குக் கேக்கு” என்றார்.

 சார் அந்த நேரம் பார்த்து, “மாப்ள என்ன சொல்லுதிய?” என்றார்.

“ம்.”

“பொறவென்ன, படிச்சவுகளே சொல்லிட்டாவ.”

“அவுக ஒண்ணும் சொல்லல சார்” என்றாள் உலகம்மாள். “நான் போர்ட்டபிளையும் ஒரு தடவை பாத்துட்டு வாரேன். குத்தாலத்துல மசூது பாய் கடையில வந்திருக்காம். ஒரு கையில தூக்கிட்டு எங்கன வேணாலும் போலாமாம்.”

“எங்கன போவப் போற?” என்றாள் அம்மா.

“போவணும்னா போலாம்லா.”

ஆடி முதல் ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் போனார்கள். மிஷின் பார்க்கப் போகிறவர்கள் துண்டு, மாற்றுத்துணி, எண்ணெய்க் குப்பி, சீயக்காய்த்தூள், தூக்குச்சட்டி நிறைய உளுத்தம்பருப்புச் சோறு, எள்ளுத் துவையல் எல்லாம் கொண்டுபோனார்கள். “அருவிக்கரைக்குப் போயிட்டுக் குளிக்காம வந்தா பாக்கவன் சிரிப்பான்” என்றாள் முப்பிடாதியம்மாள். மலை தெரியாமல் மேகம் இறங்கியிருந்தது. வேல்சாமி மெயினருவிக்கு அடியில் போய் நின்றவர் வெளியே வர மனமில்லாமல் நின்றார். அருவிக்கு அடியில் யாருக்குமே காது கேட்காது. அங்கே அவரும் மற்றவர்களும் ஒன்று.

தலை ஈரம் சொட்டச் சொட்ட மசூது கடைக்குப் போனார்கள். சென்ட், டார்ச் லைட், டேப் ரெக்கார்டர், குடை. மசூது ஒரு பெட்டியை எடுத்து வைத்தார்.

“ஆச்சி, தண்ணி சொட்டாமப் பாருங்க. பாரின் சரக்கு.”

திறந்தார். உலகம்மாள் ஒரு எழுத்தைத் தட்டினாள். மேலேயுள்ள உருளை எதிர்ப்பக்கமாக நகர்ந்தது. இன்னும் நாலு தட்டினாள். உருளை போய் ஒரு சென்ட் பாட்டிலை முட்டியது.

“இது ஏன் பாய் கோட்டி பிடிச்ச மாதிரி அந்தப் பக்கம் போவுது?” என்றாள் முப்பிடாதியம்மாள்.

மசூது குனிந்து பார்த்தார். “மாத்தி எடுத்துட்டேன் ஆச்சி. இது அரபு. அவுஹ வலது கையில இருந்து எழுதுவாஹ.”

“அதான பாத்தேன். வண்டி ஓட்டுததும் அங்கன வலது பக்கந்தானாம்.”

இரண்டாவது பெட்டி நீலம். ஆகாய நீலம். கைப்பிடி வைத்து, பூட்டு வைத்து, ஸ்கூலுக்குப் பிள்ளை கொண்டுபோகும் பெட்டி மாதிரி இருந்தது. உள்ளே இங்கிலீஷ் எழுத்து. உலகம்மாள் அதை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். மடியிலேயே வைத்துத் தன் பெயரை அடித்தாள். அவள் முகத்தை மந்திரமூர்த்தி பார்த்தான். குழல்வாய்மொழி பாவூர்ச்சத்திரம் சந்தையில் ஒரு கிளிக்கூண்டை அப்படித்தான் பார்த்தாள். கிளிகூட இல்லை, வெறும் கூண்டு.

முப்பிடாதியம்மாள் பெட்டியைச் சுண்டுவிரலில் மாட்டித் தூக்கினாள். வந்துவிட்டது.

“கனமே இல்லய. கனமில்லாத சட்டி அடுப்புல ஏத்துன அன்னைக்கே அடி போயிரும்.”

“இது சட்டி இல்ல ஆச்சி.”

“எல்லாம் சட்டிதான் பாய். நெருப்புத்தான் வேற வேற.”

மசூது மந்திரமூர்த்தியைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்க தம்பி. காலேஜ் படிச்சவுஹ.”

மந்திரமூர்த்தி அன்று முழுவதும் பேசிய ஒரே வாக்கியத்தைப் பேசினான். “இதுல தமிழ் உண்டா?”

“தமிழ் போர்ட்டபிள்னா மெட்ராசுக்குச் சொல்லி விடணும். ஆவணி கழியும்.”

“ஆவணி கழிஞ்சு வந்தா நல்லதுதான்” என்றாள் முப்பிடாதியம்மாள். உலகம்மாள் நீலப் பெட்டியை மூடினாள். ஒரு தடவை துடைத்துவிட்டுக் கொடுத்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் அத்தானுக்கு ஒரு வேலை வைத்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் முத்திரைத்தாள் கடை பெஞ்சில் போய் உட்காரவேண்டும். யார் வருகிறார்கள், என்ன அடிக்கச் சொல்கிறார்கள், எந்த மொழியில் என்று பார்க்கவேண்டும். “நீங்க ஒண்ணும் பேசவேண்டாம். அது ஒங்களுக்கு நல்லா வரும்.”

அந்த வாரம் முழுக்கப் போய் உட்கார்ந்தான். பட்டா மாறுதல், வாய்க்கால் தகராறு, ரேஷன் கார்டில் பெயர் விட்டுப்போனது. மாமியார் மேல் மருமகள், மருமகள் மேல் மாமியார். கடையநல்லூர்க்காரர் ஒருவர் மட்டும் துபாய் முதலாளிக்கு இங்கிலீஷில் எழுதவேண்டும் என்று வந்தார். கீழப்பாவூர் அம்மாள் ஒருத்தி, சும்மா உட்கார்ந்திருக்கும் இவன்தான் மனு எழுதுகிறவன் என்று நினைத்துப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டு ஆடு தன் கத்தரிச் செடியைக் கடித்ததிலிருந்து ஆரம்பித்து அந்த ஆட்டின் தாய் வரைக்கும் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். எல்லாம் சொல்லி முடித்ததும் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

“நல்லாருங்க ராசா. இந்த அளவுக்கு யாரும் கேட்டதில்ல” என்று சொல்லி மனு இல்லாமலே வீட்டுக்குப் போய்விட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் உலகம்மாளிடம் அறிக்கை கொடுத்தான்.

“தமிழ்.”

“பொறவு?”

“தூக்கவேண்டியதில்ல. கடைக்குப் பூட்டு இருக்கு.”

“ஒரு வாரம் போயி உக்காந்துட்டு வந்து இவ்வளவுதானா?”

“ஆமா.”

அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். “அந்த நீலப் பெட்டி அழகா இருந்துச்சு, இல்லியா அத்தான்?”

“ஆமா.”

“சரி. அழகு வேற, சோலி வேற. ஆனையவே வாங்கிருவோம்.”

சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம் அவளிடம் இருந்தது. மறுநாளே சங்கரநாராயணன் சாரின் மிஷின் தள்ளுவண்டியில் வந்தது. இரண்டு பேர் தூக்கி முன்னறையில் மேசைமேல் வைத்தார்கள். மேசை ஒரு தடவை முனகியது. முப்பிடாதியம்மாள் தன் கணக்கு பிசகியதை அன்றுதான் உணர்ந்தாள். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

“நாளைக்கே கடைக்குக் கொண்டு போறேன்” என்றாள் உலகம்மாள்.

“ஏட்டி, ஆடியில எவளாச்சும் தொழில் தொடங்குவாளா? முதல் வெளக்கு ஏத்தணும்னா பதினெட்டாம் பெருக்கு அன்னைக்குத்தான். அன்னைக்குச் செய்யுதது பெருகும். ஒஞ் சார்ட்டயே கேளு.”

சாரும் அதையே சொன்னார். முத்திரைத்தாள் கடைக்காரரும் அதையே சொன்னார். பதினெட்டுக்குப் பிறகும் ஆவணிக்குப் பன்னிரண்டு பதின்மூன்று நாள் இருக்கிறது, போதும் என்று உலகம்மாள் ஒத்துக்கொண்டாள். கை வைத்தால் தொடங்கியதாகிவிடும் என்று அதுவரைக்கும் யாரும் தட்டக்கூடாது என்றும் ஆயிற்று. மிஷின்மேல் ஒரு பழைய பட்டுத்துண்டைப் போட்டார்கள்.

சாரல் விடாமல் அடித்தது. தீப்பெட்டி பற்றவில்லை. உப்பு ஜாடியில் தண்ணீர் விட்டது. கொடியில் கிடந்த துணியெல்லாம் பூசணம் பிடித்தது. மந்திரமூர்த்தி காலையில் சாப்பிட வரும்போது முன்னறையில் சாம்பிராணி வாசம் இருந்தது. வெள்ளிக்கிழமை என்று நினைத்துக்கொண்டான். துண்டு விலகிய இடத்தில் மிஷின் பளபளவென்று இருந்தது. சார் கொடுத்தபோது இருந்ததைவிடப் பளபளப்பு. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டால்தானே சொல்வான்.

பதினெட்டாம் பெருக்கு அன்று காலை தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம் எல்லாம் கிண்டி வைத்திருந்தது. சங்கரநாராயணன் சார் பட்டைவிபூதியோடு வந்தார். தள்ளுவண்டி வாசலில் நின்றது. கடைக்குக் கொண்டுபோகும் முன்னால் வீட்டில் ஒரு பிள்ளையார்சுழி அடித்துவிடலாம் என்றார்கள். உலகம்மாள் பட்டுத்துண்டை எடுத்தாள். மிஷின் கல்யாணப் பெண் மாதிரி மின்னியது. நெற்றியில் சந்தனம் குங்குமம். வேல்சாமி மேசைமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு தயாராக நின்றார்.

உலகம்மாள் தாளைச் சொருகி, ‘உ’ எழுத்தைத் தட்டினாள்.

உள்ளேயிருந்து அந்த எழுத்துக் கம்பி எழுந்தது. மெதுவாக எழுந்தது. மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்திருக்கும் எருமையைப்போல, பாதியில் ஒரு தடவை யோசித்து நின்று, பிறகு இன்னும் கொஞ்சம் ஏறி, தாளைத் தொடாமலே நின்றுவிட்டது. இறங்கவும் இல்லை. இன்னொரு எழுத்தைத் தட்டினாள். அதுவும் எழுந்துபோய் முதல் கம்பியின் தோளில் சாய்ந்துகொண்டது.

“ஒண்ணும் கேக்கல” என்றார் வேல்சாமி.

சார் குனிந்து முகர்ந்தார். விரலால் தொட்டுப் பார்த்தார். விரல் ஒட்டிக்கொண்டு வந்தது.

“நல்லெண்ணெ” என்றார். “ஆச்சி, இதுல நல்லெண்ணெ எப்படி வந்துச்சு?”

“நான்தான் விட்டேன்” என்றாள் முப்பிடாதியம்மாள். “சாரல் காத்து, ஈரம் உள்ள ஏறிரும்லா. எழுத்து எழுத்தா விரல விட்டுத் தேச்சு விட்டேன். பொறவு சளி பிடிச்சிரக் கூடாதுன்னு சாம்பிராணி காட்டுனேன். வெள்ளியும் காட்டுனேன், செவ்வாயும் காட்டுனேன்.”

“சாம்பிராணிப் புகை எண்ணெயில படிஞ்சு பிசினாயிட்டு. சீயக்கா மட்டும் ஏன் பாக்கி வச்சிய?”

“இரும்புக்குத் தண்ணி ஆகாதுன்னு நானேதான் விட்டுட்டேன்.”

உலகம்மாள் நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். “வேணும்னேதான் செஞ்சிருக்கா சார். கலியாணம் நடக்கணும்னுதான்.”

“வேணும்னா செஞ்சேன்?” முப்பிடாதியம்மாள் குரல் இறங்கியது. “ஒங்க ரெண்டு பேரையும் எப்படி வளத்தேனோ அப்படித்தான் இதையும் பாத்தேன். சவம், இது தாங்கலன்னா நான் என்ன செய்ய?”

அவள் பொய் சொல்லவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது. சார் கண்ணாடியைத் துடைத்தார். கெரசினில் ஊறவைத்து, ஒவ்வொரு கம்பியாகப் பிரஷ் போட்டுத் தேய்க்கவேண்டும், சும்மா ஒரு ஆள் தேய்த்தால் ஆவணிக்கு முன்னால் முடியாது, மெக்கானிக் திருநெல்வேலியிலிருந்து வரவேண்டும், அவன் எப்போது வருவான் என்று அவனுக்கே தெரியாது என்றார். வாசலில் தள்ளுவண்டிக்காரர் பீடியோடு எட்டிப் பார்த்தார்.

முப்பிடாதியம்மாள் மூக்கைச் சிந்தித் துடைத்தாள்.

“சரி. பந்தயம்னா பந்தயம். ஆவணியிலயே வச்சிருவோம். சாமி வழி காட்டுது. கொழலும் அன்னைக்கு அதத்தான் சொன்னா. எங் கையப் பிடிச்சுக்கிட்டு, ‘யம்மா, தங்கச்சிய அவுகளுக்குக் கட்டி வச்சிரு, தள்ளிப் போடாத, ஆவணியிலயே வச்சிரு’ன்னா.”

ஆவணி புதிதாக வந்திருந்தது. மந்திரமூர்த்தி அதைக் கேட்டான். உலகம்மாள் மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசவில்லை. அந்த வாய் பேசாமல் இருந்ததை அவன் பார்த்ததில்லை.

“அத்தை” என்றான். “அவ அப்படிச் சொல்லல.”

எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். தள்ளுவண்டிக்காரரும்தான்.

“எங் காதால கேட்டேன் மாப்ள.”

“நீங்க கீழ குழாயடியில இருந்திய. துணி அலசிக்கிட்டு இருந்திய.”

முப்பிடாதியம்மாள் முந்தானையைக் கையில் சுருட்டினாள். சுவரில் மகள் படத்துக்குப் போட்ட மாலை காற்றில் ஆடியது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“நான் மேல வாரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிட்டு” என்றாள். “ஒரு துணி. ஒரே ஒரு துணிதான் பாக்கி இருந்துச்சு.” பிறகு தரையில் உட்கார்ந்தாள். “அப்ப என்னதான் சொன்னா? எம் பிள்ளை என்ன மாப்ள சொன்னா? ஒங்ககிட்டக் கேக்கவும் எனக்குப் பயமா இருந்துச்சு.”

அவன் அவளுக்கு எதிரே உட்கார்ந்தான். குழல்வாய்மொழி சொன்னதைக் கேட்டுவிட்டுத் தூக்குச்சட்டியோடு வெளியே போனதையும், திரும்பி வந்தபோது அவள் கண்ணை மூடியிருந்ததையும், அதற்குப் பிறகு அவள் பேசவில்லை என்பதையும் சொன்னான். பிறகு அவள் கடைசியாகச் சொன்னதைச் சொன்னான். தரையைப் பார்த்துக்கொண்டு, பக்கத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் கேட்கும்படி.

முப்பிடாதியம்மாள் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு அவள் வயிறு குலுங்கியது. அழுகிறாள் என்று சார் எழுந்துவிட்டார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் பாட்டுக்கு வழிந்தது, வாய் சிரித்துக்கொண்டே இருந்தது.

“கள்ளி” என்றாள். “அவதான். எம் மவளேதான். நான் சொன்ன அத்தனைல ஒண்ணாச்சும் அவ பேசுத மாதிரி இருந்துச்சா?”

உலகம்மாளும் சேலைத் தலைப்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். முப்பிடாதியம்மாள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

“சார், கெரசின்ல எம்புட்டு நேரம் ஊறணும்?”

“ஒரு ராத்திரி. ஆனா தேய்க்கதுதான் ஆச்சி…”

“நான் ஒரு பக்கம் தேய்க்கேன். அவ ஒரு பக்கம் தேய்க்கட்டும். எண்ணெ வச்சவளுக்கு எடுக்கத் தெரியாதா? ஏட்டி, அடுக்களையில கெரசின் டின் இருக்கு, எடுத்துட்டு வா. ஓடுனா ஓடட்டும், ஓடாட்டிப் போவட்டும். அந்தக் கலியாணப் பேச்சு இனி இந்த வீட்டுல கெடையாது. மாப்ள, நீங்க எப்பவும் போல வந்து சாப்பிடணும். அதுல மாத்தமில்ல.”

வேல்சாமி மேசைமேல் வைத்த கையை எடுக்காமலே நின்றார். மனைவி அழுவதையும் சிரிப்பதையும், மகள் சிரிப்பதையும், மாப்பிள்ளையின் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

“என்ன சொன்னா?” என்று கேட்டார். “கொழலு பேரச் சொன்னியள்லா. எம்மா, எம் பிள்ளை என்ன சொன்னா?”

முப்பிடாதியம்மாள் கைகாட்டினாள். “நீங்களே சொல்லுங்க மாப்ள. நான் சொன்னா கூட ஒண்ணு சேந்துரும்.”

மந்திரமூர்த்தி எழுந்து மாமனார் காதருகே போனான். ஒரு வருஷமாக அவன் குரலை உயர்த்தியதில்லை. முதல் தடவை சொன்னது அவர் காதில் ஏறவில்லை. அவர் தலையை இன்னும் சாய்த்தார். அவன் மூச்சை இழுத்துக்கொண்டு கத்தினான். எதிர்வீட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். தள்ளுவண்டிக்காரர் பீடியைக் கீழே போட்டார்.

“‘அம்ம துணி அலசிட்டு வாரதுக்குள்ள வெளிய போயி நல்ல காப்பியா ஒரு வாய் வாங்கிட்டு வாங்க. இந்த ஆஸ்பத்திரிக் காப்பியக் கழனிப்பானையில ஊத்துனா மாடு கயித்த அத்துக்கிட்டுப் போயிரும்.’”